மாடுகள் 9 மணி நேரம்தான் படுக்கின்றன: படுக்கையை மாற்றினால் தீருமா? எப்படிச் சோதிப்பது?

தொழுவக்கணக்கு (கேள்வி)

வணக்கம். 64 கறவை மாடுகள், நான்கு பகுதிகளாக. பகுதிக்கு 16 மாடு, 16 படுக்கை. கம்பித் தடுப்பு போட்ட தனித்தனிப் படுக்கைகள். கான்கிரீட் மேல் ரப்பர் மெத்தை, அதன்மேல் படுக்கைக்கு ஒரு கிலோ மரத்தூள். மாடுகள் சராசரியாக 650 கிலோ எடை.

பின்னங்காலில் அசைவு பதியும் கருவி கட்டி 30 மாடுகளை ஐந்து நாள் பார்த்தோம். படுத்திருக்கும் நேரம் நாளுக்குச் சராசரி 9.1 மணி. மிகக் குறைவு 6.4, மிக அதிகம் 14.8. கறவை இரண்டு வேளை. கொட்டகையை விட்டுப் போய்த் திரும்பி வர ஒவ்வொரு வேளையும் 1 மணி 50 நிமிடம் ஆகிறது.

படிக்கிற ஆய்வுகள் எல்லாம் 12 மணி என்கின்றன. எனவே இரண்டு பகுதிகளில் ஆழமாக மரத்தூள் போட்டு, மற்ற இரண்டைப் பழையபடி விட்டு, இரண்டு வாரம் ஒப்பிடலாம் என்று திட்டம். 32 மாடு இந்தப் பக்கம், 32 மாடு அந்தப் பக்கம். இது சரியான சோதனையா? படுக்கை ஆழம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

ஈரத்தூள்

ஆழம் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் சந்தேகமில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரப்பர் மெத்தைமேல் 7.5 கிலோ மரத்தூள் போட்டபோது, வெறும் மெத்தையைவிட மாடுகள் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் படுத்தன. ஆனால் அதே குழுவின் இன்னொரு ஆய்வைப் பாருங்கள். தூளின் உலர்பொருள் (ஈரம் முழுதும் போனபின் மிஞ்சும் பங்கு) 86 சதவீதமாக இருந்தபோது 13.8 மணி படுத்த மாடுகள், அது 26 சதவீதமாக இருந்தபோது 8.8 மணிதான் படுத்தன. பின்னால் ஈரத்தை ஐந்து படிகளாக வைத்துப் பார்த்த ஆய்வில் இறக்கம் இவ்வளவு செங்குத்தாக இல்லை: 90 சதவீத உலர்வில் 11.5 மணி, 35 சதவீதத்தில் 10.4 மணி. அளவு வேறுபட்டாலும் போக்கு ஒன்றுதான், ஈரமான இடத்தில் மாடு படுக்க விரும்பாது.

ஆகவே ஆழத்தைத் தொடும் முன் ஈரத்தை அளந்துவிடுங்கள். ஒவ்வொரு படுக்கையிலும் பின்பக்க மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஒரு கைப்பிடித் தூள் எடுங்கள். மடி படுகிற இடம் அதுதான். முன்பக்கத் தூள் எப்போதும் காய்ந்திருக்கும், அதைக் கலந்தால் கணக்கு கெட்டுவிடும். 100 கிராம் நிறுத்து, பரப்பிய தட்டில் மைக்ரோவேவில் வையுங்கள். ஓரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரும் இருக்கட்டும், இல்லையென்றால் காய்ந்த தூள் தீப்பிடிக்கும். முதலில் மூன்று நிமிடம், பிறகு ஒவ்வொரு நிமிடமாக வைத்து எடுத்து எடை பாருங்கள். இரண்டு முறை எடை மாறாமல் நின்றால் முடிந்தது. 41 கிராம் மிஞ்சினால் உலர்பொருள் 41 சதவீதம். இந்தக் கருவியை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேண்டாம்.

கருவி எதுவும் வேண்டாம் என்றால் முட்டி போட்டுப் பாருங்கள். படுக்கையில் இரண்டு முட்டியையும் ஊன்றி அரை நிமிடம் இருந்து எழுந்திருங்கள். கால்சட்டை நனைந்திருந்தால் அது மாட்டுக்கும் ஈரம்தான். முட்டி வலித்தால் மெத்தை இறுகிப்போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது வெப்பம். அந்த ஐந்து நாளும் கொட்டகைக்குள் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரப்பதம்? வெப்ப ஈரப்பதக் குறியீடு 68 தாண்டினாலே அதிகம் கறக்கும் மாடுகளுக்குச் சிரமம் தொடங்குகிறது. 22 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்திலேயே அந்த 68 வந்துவிடும். 30 டிகிரி, 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய 80. படுத்திருக்கும்போது மாட்டின் உடல் வெப்பம் ஏறுகிறது, எழுந்து நின்றால்தான் இறங்குகிறது. அதனால் சூடு கூடக்கூட நிற்கிற நேரமும் கூடும். ஒரு ஆய்வில் இந்தக் குறியீடு 56லிருந்து 74க்கு ஏறியபோது படுக்கும் நேரம் 10.9 மணியிலிருந்து 7.9க்கு விழுந்தது. வெயில் காலத்து 9.1 மணியையும் குளிர்காலத்து 9.1 மணியையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று விலாவைப் பார்த்து எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் முதலில் காற்றாடியையும் தண்ணீர்த் தெளிப்பையும் கவனியுங்கள், படுக்கை அப்புறம்.

---

இணைப்புள்ளி

சோதனை வடிவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

32க்கு 32 என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் உங்களிடம் இருப்பது 2க்கு 2. ஒரு பகுதியில் இருக்கும் 16 மாடுகளும் ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே காற்றாடி, ஒரே தீவனப் பாதையைப் பகிர்கின்றன. ஒன்றையொன்று விரட்டுகின்றன, ஒன்று எழுந்தால் பக்கத்தில் உள்ளதும் எழுகிறது. அவற்றைத் தனித்தனி சாட்சிகளாக எண்ணினால், பகுதிக்குப் பகுதி ஏற்கெனவே இருந்த வேறுபாட்டைப் படுக்கையின் பலன் என்று எழுதிவிடுவீர்கள். இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற பிழை இது.

அதற்குப் பதில் ஒவ்வொரு பகுதியும் இரண்டு படுக்கையையும் அனுபவிக்கட்டும். 1, 4 ஆம் பகுதிகள் முதலில் ஆழமான தூளில், 2, 3 ஆம் பகுதிகள் முதலில் பழையபடி. 7 நாள் பழகவிட்டு, 5 நாள் பதிவு. பிறகு மாற்றி, மறுபடி 7 நாளும் 5 நாளும். ஆக 24 நாள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வித்தியாசம் கிடைக்கும், மொத்தம் நான்கு. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் நேர்மையான எண்ணிக்கை. நான்கும் ஒரே திசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டினால் முடிவெடுக்கப் போதும். இரண்டு மேலே, இரண்டு கீழே என்று வந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

பழகவிடும் நாட்களைச் சுருக்காதீர்கள். மாடு பழகிய படுக்கையைத்தான் முதலில் விரும்பும். தூளில் வளர்ந்த மாடு மணலைப் பார்த்துத் தயங்குவது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. மூன்றாம் நாளே அளந்தால் கிடைப்பது தயக்கத்தின் அளவு. எதிர்ப்பக்கமும் உண்டு: ஆழமான தூளில் இருந்து பழைய மெத்தைக்குத் திரும்பும் பகுதிகள், இழப்பினால் வழக்கத்தைவிடக் குறைவாகப் படுக்கலாம். அதனால் முதல் சுற்றின் எண்களைத் தனியாகவும் பாருங்கள்.

24 நாளும் மாடுகளை இடம் மாற்றக்கூடாது. தலைச்சன் ஈன்றவை, கன்று ஈன்று எத்தனை நாள் ஆனவை என்பதெல்லாம் நான்கு பகுதியிலும் ஒரே அளவில் கலந்திருக்க வேண்டும். சினைப்பருவத்துக்கு வந்த மாட்டின் அந்த நாளை நீக்கிவிடுங்கள், அன்று அது படுக்கவே படுக்காது.

கருவியைப் பற்றி: நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும், நாளுக்கு 1,440. நினைவகம் எத்தனை நாளைக்கு வரும் என்று முன்னாலேயே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னங்காலின் வெளிப்பக்கம், குளம்புக்கு மேலுள்ள கணுவுக்கும் மேலே, எலும்பு நேராக ஓடும் இடத்தில் கட்டுங்கள். கட்டுக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். காலுக்கு இணையான அச்சு, நிற்கும்போது ஏறக்குறைய 1 ஜி (புவியீர்ப்பின் முழு அளவு) காட்டும், படுத்தால் சுழிக்குப் பக்கம் வரும். 0.5 ஜி எல்லைக்கோடு. அதாவது செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வு. ஓரிரு நிமிடம் மட்டும் தலைகாட்டும் "எழுந்தது", "படுத்தது" எல்லாம் கால் உதறல்தான், வடிகட்டிவிடுங்கள். வடிகட்டாவிட்டால் மொத்த நேரம் பெரிதாக மாறாது. ஆனால் எத்தனை தடவை படுத்தது என்ற எண்ணிக்கை கன்னாபின்னாவென்று ஏறிவிடும்.

30 மாடு, ஐந்து நாள் என்ற உங்கள் அளவு ஒரு மந்தையின் சராசரிக்குப் போதுமானதுதான். அதில் குறை இல்லை.

---

குளம்பு_பார்வை

எனக்கு 9.1 கவலை தரவில்லை. அந்த 14.8தான் தருகிறது.

படுக்கும் நேரம் கூடினால் நலம் கூடியது என்று எடுத்துக்கொள்வது தவறு. காலில் வலி உள்ள மாடு எழுந்திருக்கவே தயங்கும். ஒரு தடவை படுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கும். ஆழமான படுக்கை உள்ள பண்ணைகளில் 14.5 மணிக்கு மேல் படுக்கும் மாடுகளிடையே கடும் நொண்டல் அதிகம் என்று தெளிவாகவே தெரிந்திருக்கிறது. மெத்தையில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம்: எழுவதும் படுப்பதும் வலிக்கிறது என்பதால் நொண்டும் மாடு பாதிப் படுக்கையில் நின்றே பொழுதைக் கழிக்கும். ஆக நொண்டும் மாடு சராசரியை மேலேயும் இழுக்கும், கீழேயும் இழுக்கும். உங்கள் 9.1 என்பது இந்த இரண்டு வகையும் கலந்த எண்.

அதனால் கருவி கட்டிய 30 மாட்டுக்கும் நடைமதிப்பெண் போடுங்கள். கறவை முடிந்து திரும்பும்போது, வழுக்காத சமதரையில், பக்கவாட்டில் நின்று, குறைந்தது நான்கு எட்டு பார்க்க வேண்டும்.

1: நின்றாலும் நடந்தாலும் முதுகு நேர்.
2: நிற்கும்போது நேர், நடக்கும்போது வளைவு.
3: இரண்டிலும் வளைவு, எட்டு குறுகுகிறது.
4: ஒரு காலைக் காத்து, எட்டு எட்டாக யோசித்து வைக்கிறது.
5: அந்தக் காலில் எடையே வைப்பதில்லை.

தினமும் பார்க்கிற கண்ணுக்கு நொண்டல் தெரியாது. மின்னசோட்டாவில் பண்ணைகளில் அளந்தபோது, பொறுப்பாளர்கள் சொன்னதைவிட 3.1 மடங்கு நொண்டல் இருந்தது. அவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மெதுவாக வளைந்த முதுகு இயல்பாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. முடிந்தால் அந்த மாடுகளைத் தினமும் பார்க்காத ஒருவர் மதிப்பெண் போடட்டும்.

3க்கு மேல் உள்ளவற்றுக்குச் சோதனை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குளம்பைத் தூக்கிப் பாருங்கள். நகக்கண் புண்ணாக இருந்தால், செதுக்குவதோடு நிறுத்தாமல், நல்ல நகத்தில் கட்டை ஒட்டிப் புண்பட்ட நகத்தைத் தரை தொடாமல் வைத்து, மருத்துவர் சொல்லும் வலிநிவாரணியும் மூன்று நாள் கொடுப்பதுதான் மற்ற முறைகளைவிட நன்றாகக் குணம் தந்தது என்று நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகச் சோதனை காட்டியது. ஆரம்பத்திலேயே பிடித்தால்தான் இந்தப் பலன். நாள்பட்டதில் குளம்புக்குள் உள்ள எலும்பே மாறிப்போயிருக்கும்.

---

தொழுவக்கணக்கு

மூவருக்கும் நன்றி. அளந்துவிட்டுத் திரும்பினேன்.

உலர்பொருள்: பெரும்பாலான படுக்கைகளில் 58 முதல் 66 சதவீதம். ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மூன்று படுக்கைகளில் மட்டும் 31 முதல் 35. மூச்சு 40 முதல் 48, குறியீடு 63க்கு மேல் போகவில்லை.

நடை: 30இல் 7 மாடு 3 அல்லது அதற்கு மேல். 13.5 மணிக்கு மேல் படுத்த ஐந்தில் மூன்று அதில் அடக்கம், மற்ற இரண்டுக்கும் கால் நன்றாகவே இருக்கிறது. 8 மணிக்குக் கீழே படுத்தவை ஒன்பது. அதில் ஆறு தலைச்சன் ஈன்றவை, நொண்டல் இல்லை.

இன்னொன்று. பல மாடுகள் முன்னங்கால் இரண்டும் படுக்கைமேல், பின்னங்கால் சாணப்பாதையில் என்று நிற்கின்றன. கழுத்துக் கம்பி (நிற்கும் மாட்டின் கழுத்துக்கு முன்னே படுக்கைக்குக் குறுக்காக ஓடும் கம்பி) பின்விளிம்பிலிருந்து 158 செ.மீ. தூரத்தில், மெத்தையிலிருந்து 112 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

---

ஈரத்தூள்

இந்த எண்களில் பாதி விடை இருக்கிறது.

பகுதிக்கு 16 படுக்கை என்றீர்கள். மூன்று எப்போதும் ஈரம். மாட்டின் கணக்கில் அங்கே 13 படுக்கைதான், 16 மாட்டுக்கு 13. அதாவது 123 சதவீத நெருக்கடி. ஒரு ஆய்வில் நெருக்கடியை 100லிருந்து 150 சதவீதமாக ஏற்றியபோது படுக்கும் நேரம் 12.9லிருந்து 11.2 மணியாகக் குறைந்தது. அது சராசரி. அடிவாங்குவது மந்தையில் கடைசி வரிசையில் இருப்பவை, பெரும்பாலும் தலைச்சன் ஈன்றவை. உங்கள் ஆறு மாடுகள் அதைத்தான் சொல்கின்றன.

நேரக்கணக்கையும் போடுங்கள். 24இல் கறவைக்கு 3 மணி 40 நிமிடம் போனால் மிச்சம் 20 மணி 20 நிமிடம். தின்ன 5, குடிக்க அரை, நடக்க, நக்கிக்கொள்ள, பாதையில் நிற்க இரண்டரை. எஞ்சுவது 12 மணி 20 நிமிடம். எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் 12 மணி கிடைக்கும், சறுக்க இடமே இல்லை. காய்ந்த படுக்கைக்காக ஒரு மணி நேரம் காத்து நின்ற மாடு அந்த நேரத்தைத் திரும்பப் பெற வழியில்லை. இழந்த ஓய்வை மாடு அடுத்த நாளில் ஓரளவுதான் ஈடுகட்டும், முழுதாக அல்ல. கறவைக்குப் போகிற நேரத்தை மொத்தம் 3 மணிக்குள் கொண்டுவரப் பாருங்கள். 16 மாட்டையும் ஒரேயடியாக ஓட்டாமல் இரண்டு எட்டாக ஓட்டினால் காத்திருப்பு இடத்தில் நிற்பது குறையும்.

தொட்டிப் பக்கம்: மிதவை வால்வு ஒழுகுகிறதா, தொட்டி விளிம்புவரை நிரம்புகிறதா பாருங்கள். நீர்மட்டம் விளிம்புக்கு 8 முதல் 10 செ.மீ. கீழே இருந்தால் மாடு தலையை உதறும்போது சிந்துவது பெருமளவு குறையும். தொட்டிக்கும் முதல் படுக்கைக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகை. அவ்வளவுதான் வேலை.

கழுத்துக் கம்பி கட்டாயம் நகர வேண்டும். 650 கிலோ மாட்டுக்குப் பின்விளிம்பிலிருந்து 170 முதல் 178, உயரம் 120 முதல் 130 செ.மீ. ஒரு மாடு படுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தரையை முகரும், தலையை இடமும் வலமும் ஆட்டும், ஒரு முன்முட்டியை மடக்கும், பிறகு மற்றது, கடைசியில் பின்பாகம் ஒரு பக்கமாகச் சரியும். முட்டி மடங்கியதிலிருந்து பின்பாகம் தரையில் அமரும்வரை 5.2 விநாடிக்குள் முடிய வேண்டும், 6.3ஐத் தாண்டினால் கடும் சிக்கல் என்பது ஐரோப்பிய நல மதிப்பீட்டு முறையின் அளவு. முட்டியை மடக்கிவிட்டு மறுபடி எழுந்து நிற்கிறது, இப்படி இரண்டு மூன்று தடவை செய்கிறது என்றால், அதற்குப் படுக்க ஆசை இருக்கிறது, இடம் விடவில்லை. எழும்போதும் பின்பாகம் முதலில் எழுவதால் தலையை வெகுவாக முன்னே வீச வேண்டும். அந்த வீச்சைக் கம்பியோ எதிர்ச்சுவரோ தடுத்தால் அடுத்த முறை படுக்கவே யோசிக்கும்.

கம்பியை முன்னே தள்ளினால் நான்கு காலும் படுக்கைமேல் வரும். குளம்புக்கு நல்லது, நடையும் தேறும். விலை என்னவென்றால் சாணம் படுக்கையில் விழும், மடி அழுக்காகும். ஒவ்வொரு கறவைக்கும் மாடுகள் வெளியே போயிருக்கும்போது பின்பக்கத்தைச் சுரண்டிவிட ஆள் இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

---

இணைப்புள்ளி

ஒரு வரி சேர்க்கிறேன். ஈரப் படுக்கையையும் கழுத்துக் கம்பியையும் நான்கு பகுதியிலும் சரிசெய்துவிட்டுத்தான் ஆழத்தைச் சோதியுங்கள். ஈரம் கெடுதல் என்பது தெரிந்த விஷயம், அதைத் திரும்ப நிரூபிக்க ஒப்பீட்டுப் பகுதி என்ற பெயரில் மாடுகளை ஈரத்தில் விடுவது நியாயமில்லை. அறிவியலாகவும் அது நல்லதல்ல. ஆழத்தையும் ஈரத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

கருவி இல்லாத நாட்களில், கறவைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு முறை எண்ணுங்கள்: படுக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாடுகளில் எத்தனை நிற்கின்றன? பாதி ஏறி நிற்பவையும் சேர்த்தி. அது 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சிக்கல் தொடர்கிறது. எப்போதும் அதே நேரத்தில் எண்ண வேண்டும், தீவனம் போட்டவுடன் எண்ணினால் எல்லாமே நிற்கும்.

---

தொழுவக்கணக்கு

சரி, அந்த வரிசையிலேயே செய்கிறோம். ஆழத்துக்குத் தூளா மணலா?

---

குளம்பு_பார்வை

காலுக்கு மட்டும் என்றால் மணல். ஆழமான மணலில் பின்னங்காலின் நடுமூட்டில் முடி உதிர்வும் புண்ணும் மெத்தையைவிட மிகக் குறைவு. பாதையில் சிந்தும் மணல் குளம்புக்குப் பிடிமானமும் கொடுக்கும். குறைந்தது 15 செ.மீ. ஆழம் வேண்டும். களிமண் கலந்த மணல் வேண்டாம், நனைந்து காய்ந்தால் தரை மாதிரி இறுகிவிடும். நடுவில் குழி விழ விடக்கூடாது. மணல் ஒரு செ.மீ. இறங்கினால் நாளுக்குப் பதினொரு நிமிடம் படுக்கை நேரம் போகிறது என்று அளந்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது நிரப்பித் தட்டையாக்க வேண்டும்.

ஆனால் மெத்தையை எடுத்துவிட்டுத் தொட்டிபோல விளிம்பு கட்ட வேண்டும். சாணக் கால்வாயில் மணல் படியும், பம்பு தேயும். இப்போதைய கட்டமைப்பில் தூள்தான் நடைமுறை.

---

ஈரத்தூள்

தூளுக்குப் போனால் மடியை மறக்காதீர்கள். மடிநோய் தரும் கிருமிகளில், தூளில் கோலிஃபார்ம் வகையும் கிளெப்சியெல்லாவும் காம்பு நுனியில் கூடுகின்றன, மணலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூடுகிறது. எதுவும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். அறுத்த ஈரம் காயாத பச்சைத் தூளை வாங்கவே கூடாது, சூளையில் காய்ந்ததாக இருக்கட்டும். பின்பக்கத் தூளைத் தினமும் எடுத்துப் புதியது போடுங்கள். முன்னால் குவித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும் வழக்கம் இருந்தால், குவியல் மாட்டின் தலை வீச்சை மறைக்காத உயரத்தில் இருக்க வேண்டும். நீற்றுச் சுண்ணாம்பு தூவினால் ஒன்றிரண்டு நாள் கிருமி அடங்கும், ஆனால் அதிகமானால் காம்புத் தோல் வெடிக்கும். வெடித்த தோலில் கிருமி இன்னும் எளிதாக ஒட்டும். உலர்ந்த தூளை அடிக்கடி மாற்ற முடிகிற இடத்தில் சுண்ணாம்புக்கு வேலையே இல்லை.

24 நாளும் பாலில் உடல்செல் எண்ணிக்கையை (மடிநோய் வந்தால் ஏறும் எண்) பகுதிவாரியாகக் குறித்து வையுங்கள். படுக்கும் நேரம் ஒரு மணி கூடி, மடிநோயும் கூடினால் அந்தத் தூளை விட்டுவிட்டு வேறு தூள் பாருங்கள், ஆழத்தைக் குறைக்காதீர்கள்.